உஷார்! பிரஷ் துடைத்த துணியைச் சுருட்டிப் பையில் போடாதீர்கள்

லீவு விட்டதும் ஊட்டி, ஏற்காடு, மாமல்லபுரம் என்று ஈசலைத் தூக்கிக்கொண்டு ஆயில் பெயின்டிங் செய்யக் கிளம்புகிறவர்களே, பையைக் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். பையில் தீப்பிடிக்கிற சாமான் எது என்று கேட்டால் யாரும் டர்பன்டைன் பாட்டிலைத்தான் காட்டுவார்கள். அதுவும் ஆபத்துதான், அதற்குப் பிறகு வருகிறேன். அதைவிட மோசமான ஒன்று, போகும்போது பையில் இருக்காது, சாயங்காலம் திரும்பும்போதுதான் ஏறும். பிரஷ் துடைத்த துணி!

வரைந்து முடித்ததும் என்ன செய்கிறோம்? ஈரம் காயாத கேன்வாஸைப் பச்சைக் குழந்தையைப்போல் ஏந்திக் கொண்டுபோய் வண்டியில் வைக்கிறோம். பேலட்டைத் துடைத்த பனியன் வேஸ்ட்டை மட்டும் ஒரு கேரிபேக்கில் அமுக்கி, முடிச்சுப் போட்டு, டிக்கி மூலையில் திணிக்கிறோம். அதை யாரும் கொளுத்த வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடியது அது.

ஆளிவிதை எண்ணெய், கடையில் கேட்டால் லின்சீட் ஆயில், தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது; அப்போது சூடு கிளம்புகிறது. துணி விரிந்து கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி வைத்தால் நடுவிலேயே தங்கும். சூடு ஏற ஏற வினை வேகம் பிடிக்கும், வினை வேகம் பிடிக்கப் பிடிக்கச் சூடு மேலும் ஏறும். கடைசியில் புகை, பிறகு நெருப்பு. படம் சீக்கிரம் காயட்டும் என்று கோபால்ட் ட்ரையரோ அல்கிட் மீடியமோ கலக்கிறவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காய்வது வேகமானால் சூடும் வேகமாகத்தான் சேரும்.

நம்மில் பலர் இதை நம்பமாட்டார்கள். அடுப்படியில் தேங்காயெண்ணெய் ஊறிய கரித்துணி மாதக்கணக்கில் மூலையில் கிடந்தும் ஒன்றும் ஆனதில்லையே என்பார்கள். ஆகாதுதான். தேங்காயெண்ணெய் இப்படி இறுகுகிற ரகம் இல்லை. ஆக்சிஜனோடு சேரும் ஆசை ஓர் எண்ணெய்க்கு எவ்வளவு என்பதை ஏறக்குறைய காட்டும் அயோடின் எண், தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 10. ஆளிவிதை எண்ணெய்க்கு 170-ஐத் தாண்டும். அடுப்படிப் பழக்கத்தைக் கலர் பெட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

1991 பிப்ரவரி 23, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம். ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-வது மாடியில் மரவேலைகளுக்கு மெருகேற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. லின்சீட் ஆயில் தோய்ந்த துணிகளை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சனிக்கிழமை, ஆளில்லாத அலுவலகம். இரவு பிடித்த தீ மாடி மாடியாக ஏறியது; 30-வது மாடியில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்ததால்தான் அங்கே நின்றது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். உங்கள் பையில் இருப்பது அவ்வளவு துணி இல்லைதான். ஆனால் உங்கள் டிக்கியில் நீர்த்தெளிப்பானும் இல்லை.

செய்ய வேண்டியது சுலபம். இறுக்கமாக மூடும் பழைய பால்பவுடர் டின் ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். துடைத்த துணியை அதில் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி மூடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெட்டவெளியில் கொடியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகே குப்பையில் போடுங்கள். லாட்ஜில் தங்குகிறவர்கள் அறையின் குப்பைக்கூடையில் போடவே கூடாது.

இனி டர்பன்டைன். சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அதிலிருந்து ஆவி எழும். மே மாத வெயிலில் நிறுத்திய கார் உள்ளே 60 டிகிரி வரை போகும். அதில் கசியும் பாட்டிலை யோசித்துப் பாருங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே கலையாமல் தரையோடு தவழும். லாட்ஜ் அறையில் கட்டிலுக்கடியில் கொசுவத்தி, பக்கத்தில் பிரஷ் ஊறும் டப்பா என்று வைக்கிற ஆட்கள் உண்டு. அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். மலை ஏறும்போது இன்னொரு தொல்லை: ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. கீழே இறுக மூடிய டப்பாவை மேலே போய் முகத்துக்கு நேராகத் திறந்தால் கண்ணில் அடிக்கும்.

ரயிலில் கொண்டுபோகலாமா? கூடாது. தீப்பற்றும் திரவத்தோடு பிடிபட்டால் ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் யாரோ ஏற்றிவந்த கேஸ் சிலிண்டரால் 9 பேர் கருகிய பிறகு, 'ஒரு சின்ன பாட்டில்தானே சார்' என்ற பேச்சு எடுபடாது. விமானத்தில் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. எண்ணெயில் அரைத்த ட்யூப் கலர்கள் அந்த வகையில் சேராது. கம்பெனியின் பாதுகாப்புத் தாளை அச்செடுத்து வைத்து, பேலட் கத்தியோடு செக்-இன்னில் போடுங்கள். டர்பன்டைனைப் போன ஊரிலேயே வாங்கலாம். கலருக்கு ஒரு பிரஷ் என்று வைத்துக்கொண்டு, துடைத்தே ஓட்டிவிட்டு, வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவினால் அதுவும் தேவையில்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

கடைசியாக, தயவுசெய்து டர்பன்டைனைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றாதீர்கள். பார்த்தால் தண்ணீர்தான், தாகத்தில் ஓடிவரும் பிள்ளை மோந்தா பார்க்கும்? அப்படிக் குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வரும் வழியில் அது நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு அந்த பாட்டிலையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.