சேத்தூரைத் திருநெல்வேலியில் தேடுதல்

பாரதியாரின் பாடல்களுள் முதலில் அச்சேறியதாக ஆய்வாளர் கொள்ளும் 'தனிமை இரக்கம்', மதுரையிலிருந்து வந்த 'விவேகபாநு' இதழில் 1904 ஜூலையில் வெளியாயிற்று; அதன் ஆசிரியர், சேற்றூர்ப் புலவர் மரபினரான மு.ரா. கந்தசாமிக் கவிராயர். இத்தகைய இதழ்களையும், ஜமீன் காலத்து நூல்களையும், கோயிற் படிமங்களின் பழைய நிழற்படங்களையும் இன்று நூலகக் கணினி வழியாகவே தேடத் தொடங்கலாம் என்றாலும், எங்கே, எப்பெயரால் தேடுவது என்பது தெரியாதவருக்குத் தரவுத்தளம் வெறுந்திரையையே காட்டும்.

எழுத்தாவணங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் முதற்படி. அதில் பழைய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகக் கட்டணமின்றிப் படிக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையும் இணையத்தில் உண்டு. அட்டவணை என்பது நூலின் இருப்பைச் சொல்வதேயன்றி நூலன்று. எனவே குறிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு நூலகத்தை அணுக வேண்டியிருக்கும்.

தேடுவோர் பெரும்பாலும் இடறுவது ஊர்ப்பெயரில்தான். மேற்சொன்ன கவிராயர் மரபின் ஊருக்குத் தமிழிலேயே சேத்தூர், சேற்றூர் என இரு வடிவங்கள் வழங்குகின்றன; ஆங்கில ஆவணங்களில் எழுத்துக்கூட்டல் மேலும் மாறுபடுவதோடு, அண்டையிலுள்ள சாத்தூரும் குறுக்கிடும். இவ்வூரின் மாவட்டமோ இருமுறை மாறியது: இது அடங்கிய திருவில்லிபுத்தூர் வட்டாரம் 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை திருநெல்வேலியைச் சார்ந்திருந்தது, விருதுநகர் மாவட்டம் பிறந்ததோ 1985-இல். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணத்தை விருதுநகர் என்று தேடுவது வீண்வேலை.

கலைப்படிமத் தரவுத்தளங்களில் படத்தைவிட அதனோடு இணைந்த விவரக்குறிப்பே உயிர்நாடி. மெட்டாடேட்டா எனப்படும் இதில் இடம், எடுத்த ஆண்டு, பொருளின் பெயர், பதிவு எண் ஆகியன அடங்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து தென்னகக் கோயில்களைப் படமெடுத்து இவ்விவரங்களோடு காத்துவந்ததன் பயன் பல்லாண்டு கழித்து விளங்கிற்று. கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள்கோவிலில் திருமங்கையாழ்வாரின் செப்புத்திருமேனி 1957-இல் அவ்வாறு படமாக்கப்பட்டிருந்தது. பத்தாண்டுக்குப்பின் லண்டன் ஏலத்தில் விலைபோய் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தை அடைந்த திருமேனி அதுவே என்பதை ஆய்வாளர் ஒருவர் அப்படத்தைக் கொண்டு சுட்டிக்காட்ட, 2024-இல் அதனைத் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இசைந்தது. இடமும் ஆண்டும் எழுதப்படாத படமாக இருந்திருந்தால், அழகிய படம் என்பதற்குமேல் அதற்கு வேறு பயன் இருந்திராது.

திருவில்லிபுத்தூர் ஆண்டாளை அயல்நாட்டு அருங்காட்சியகத் தளங்களில் தேடுவோரும் இவ்விவரக்குறிப்பை அப்படியே நம்பிவிடலாகாது. பட்டியலிட்டவர் அடையாளம் காணாத ஆண்டாள் படிமம் 'பூதேவி' என்றோ 'நிற்கும் தேவி' என்றோ பதிவாகியிருக்கக்கூடும் என்பதால், கொண்டையையும் கைகளின் நிலையையும் கண்ணால் ஒப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும். பெரும் அருங்காட்சியகங்கள் பலவும் தம் படங்களை எவரும் காணத் திறந்து வைத்துள்ளன. ஆர்ட்ஸ்டார் படத்தொகுப்பைத் தன்னுள் இணைத்துக்கொண்ட ஜேஸ்டோர் போன்ற தளங்களின் பெரும்பகுதியோ சந்தா செலுத்தும் நிறுவனங்களின் உறுப்பினர்க்கே திறக்கும் என்பதால், அத்தகைய சந்தா எந்தக் கல்லூரியில் உண்டு, வெளியார் அங்கே அமர்ந்து பார்க்க இசைவு கிடைக்குமா என்பதை நூலகரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.