இக்கரையில் சம்பளம், அக்கரையில் வரி

ஒட்டாவா ஆற்றுக்குத் தெற்கே ஒட்டாவா, வடக்கே காட்டினோ. நடுவுல அஞ்சு பாலம். தினமும் ஆயிரக்கணக்கான பேர் இந்தப் பக்கம் தூங்கி அந்தப் பக்கம் வேலை பார்க்குறாங்க. மத்திய அரசு அலுவலகங்களே ரெண்டு கரையிலும் இருக்கு. ஆனா பாலத்தைத் தாண்டினா மாகாணம் மாறிடும்: ஒன்டாரியோ முடிஞ்சு கியூபெக் ஆரம்பம். அப்போ வரி யாருக்கு?

நம்ம ஊர்ல இந்தக் கேள்வி பெருசா எழாது. சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசுக்கு மட்டும்தான். கனடாவுல மத்திய அரசும் மாகாணமும் ரெண்டுமே வருமான வரி போடுது, மாகாணத்துக்கு மாகாணம் விகிதமும் வேற.

விதி என்னவோ ஒரே வரிதான். டிசம்பர் 31 அன்னிக்கு நீங்க எந்த மாகாணத்துல குடியிருக்கீங்களோ, அந்த வருஷச் சம்பளம் முழுசுக்கும் அந்த மாகாணத்துக்குத்தான் வரி. ஜனவரியில இருந்து ஒட்டாவாவுல இருந்துட்டு டிசம்பர் 20-ல காட்டினோவுக்கு நிரந்தரமா வீடு மாத்தினா, பன்னிரண்டு மாசச் சம்பளமும் கியூபெக் கணக்குல போயிடும். மாசத்துக்கு இவ்வளவுன்னு பிரிக்கிறதெல்லாம் கிடையாது.

சிக்கல் எங்கன்னா, மாசா மாசம் சம்பளத்துல பிடிக்கிற வரி இந்த விதியைப் பார்க்காது. நீங்க எந்த ஆபீசுக்கு வேலைக்குப் போறீங்களோ, அந்த மாகாணத்துக் கணக்குப்படிதான் கம்பெனி பிடிக்கும். அதாவது வரி வீட்டைப் பார்க்குது, பிடித்தம் ஆபீசைப் பார்க்குது. ரெண்டும் ஒரே மாகாணத்துல இருந்தா யாருக்கும் பிரச்சினை இல்ல.

அருண்னு ஒருத்தர்னு வச்சுக்குவோம். ஒட்டாவாவுல வேலை, 2024-ல வருஷத்துக்கு 60,000 டாலர் சம்பளம். வாடகை கம்மின்னு காட்டினோவுல வீடு. அந்த வருஷ விகிதத்துல முதல் ஸ்லாப்பை மட்டும் பாருங்க. ஒன்டாரியோவுல இருந்தா மத்திய வரி 15%, மாகாண வரி 5.05%, மொத்தம் 20.05%. கியூபெக்ல மாகாண வரி மட்டுமே 14%. அதுக்கு ஈடா கியூபெக் வாசிகளுக்கு மத்திய வரியில 16.5% தள்ளுபடி உண்டு. மற்ற மாகாணங்கள்ல மத்திய அரசு நிதி கொடுக்குற சில திட்டங்களை கியூபெக் தானே நடத்துறதால வந்த ஏற்பாடு அது. அதனால மத்திய வரி 12.525% ஆகுது. கூட்டினா சுமார் 26.5%. ஒரே சம்பளம், ஒரே நாற்காலி, தூங்குற இடம் மட்டும் வேற.

அருணோட கம்பெனி வருஷம் பூரா ஒன்டாரியோ கணக்குல பிடிக்கும். அவர் தனியாள், வேற கழிவு எதுவும் இல்லைன்னா, தோராயமா 9,100 டாலர் பிடிச்சிருப்பாங்க. ஏப்ரல் 30-க்குள்ள ரிட்டர்ன் போடணும். மற்ற மாகாணக்காரங்களுக்கு ஒரு ரிட்டர்ன் போதும், ரெண்டு வரியையும் மத்திய வரித்துறையே வாங்கிக்கும். கியூபெக் வாசிக்கு ரெண்டு ரிட்டர்ன்: ஒண்ணு மத்திய அரசுக்கு, இன்னொண்ணு ரெவன்யூ கியூபெக்குக்கு.

பிடிச்ச பணம் முழுக்க மத்திய அரசுகிட்ட கிடக்குதே, அதுக்கு என்ன வழி? மத்திய ரிட்டர்ன்ல 43800-னு ஒரு வரிசை இருக்கு. வெளி மாகாணத்துல பிடிச்ச வரியில 45% வரைக்கும் கியூபெக்குக்கு மாத்திக்கலாம். 9,100-ல 45% கிட்டத்தட்ட 4,100. மீதி 5,000. அருண் கட்ட வேண்டிய மத்திய வரியும் ஏறக்குறைய அதே 5,000 தான்! கணக்கு அங்க அழகா முடிஞ்சுடுது. ஆனா கியூபெக் வரி 5,900 பக்கம் வரும். 4,100 போக சுமார் 1,800 டாலரை ஏப்ரல்ல மொத்தமா எடுத்து வைக்கணும். புதுசா வேலைக்குச் சேர்ந்தவருக்கு இது ஒரு மாச வாடகையைத் தாண்டுற தொகை. கம்பெனி தப்பாப் பிடிச்சுட்டாங்கன்னு சண்டை போடவும் முடியாது, அவங்க சட்டப்படி சரியாத்தான் பிடிச்சிருக்காங்க.

வருஷா வருஷம் இப்படிப் பாக்கி வந்துகிட்டே இருந்து, 1,800 டாலரைத் தாண்டினா, மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 15-ஆம் தேதிகள்ல தவணையா முன்கூட்டியே கட்டச் சொல்லுவாங்க. சுலபமான வழி, டிடி1 ஃபார்ம்ல "கூடுதலா இவ்வளவு பிடிச்சுக்கோங்க"ன்னு எழுதிக் கொடுத்துடறது. எனக்குத் தெரிஞ்சு இதுல இதைவிட உருப்படியான காரியம் வேற இல்ல.

தலைகீழா, ஒட்டாவாவுல வீடு, காட்டினோவுல வேலைன்னா? கியூபெக் விகிதத்துல அதிகமாப் பிடிப்பாங்க, ஏப்ரலுக்கு அப்புறம் ரீஃபண்ட் வரும். கியூபெக் ரிட்டர்ன் தனியாப் போட வேண்டாம். அங்க பிடிச்ச வரியையும் மத்திய ரிட்டர்ன்லயே காட்டிக்கலாம். நண்பர்கள் "ரீஃபண்ட் வந்துச்சு"ன்னு பார்ட்டி வைப்பாங்க. உண்மையில அது வட்டியில்லாம அரசுக்குக் கொடுத்த கடன்.

வருமான வரி தவிர மற்ற பிடித்தங்களும் இருக்கு. ஓய்வூதியப் பிடித்தம் வேலை செய்யுற இடத்தைப் பொறுத்தது. கியூபெக்ல வேலைன்னா கியூபெக் திட்டம், 2024-ல 6.4%. மற்ற இடங்கள்ல கனடா திட்டம், 5.95%. ரெண்டுலயும் கட்டியிருந்தா ஓய்வு பெறும்போது சேர்த்துக் கணக்குப் பண்ணிக்குவாங்க. ஆனா பிள்ளைப்பேறு விடுப்புக்கான காப்பீடு அப்படி இல்ல. கியூபெக் 2006-ல இருந்து தனித் திட்டம் நடத்துது, அது குடியிருக்கிற இடத்தைப் பார்க்கும். அருண் ஒட்டாவாவுல வேலை பார்த்தாலும் ஷெட்யூல் 10 வழியா அதுக்குப் பிரீமியம் கட்டணும், பலனும் அங்கிருந்துதான்.

அப்போ காட்டினோவுல இருக்கிறதே நஷ்டமான்னா, அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த விடுப்புத் திட்டத்துல முதல் வாரங்களுக்குச் சம்பளத்துல 70% அல்லது 75% கிடைக்கும். மத்திய திட்டத்துல வழக்கமா 55%. அரசு மானியம் பெறும் குழந்தைக் காப்பகத்துக்கு 2024-ல நாளைக்கு 9.10 டாலர்தான். குடும்பஸ்தருக்குக் கணக்கு ஒரு மாதிரி, தனியாளுக்கு வேற மாதிரி.

பாலம் தாண்டுறவங்களுக்கு மட்டும்தான் இந்தத் தலைவலின்னு நினைக்காதீங்க. நியூஃபவுண்ட்லாந்துல குடும்பத்தை வச்சுட்டு, ஆல்பர்ட்டாவுல ஃபோர்ட் மெக்மரி எண்ணெய் மணல் சுரங்கங்களுக்கு விமானத்துல போய் வேலை பார்க்குறவங்க நிறைய. ரெண்டு மூணு வாரம் அங்க, அப்புறம் வீடு. கம்பெனி ஆல்பர்ட்டா கணக்குல பிடிக்கும். ஆனா மனைவி, பிள்ளைங்க, சொந்த வீடு எல்லாம் நியூஃபவுண்ட்லாந்துல இருந்தா, குடியிருப்பு அங்கதான்னு வரித்துறை சொல்லும். 2024-ல ஒரு லட்சம் டாலர் வாங்குறவருக்கு ஆல்பர்ட்டா மாகாண வரி 10% தான். நியூஃபவுண்ட்லாந்துல மேல் ஸ்லாப் 15.8% வரைக்கும் போகும். வித்தியாசத்தை ஏப்ரல்ல கட்டணும்.

ஒர்க் ஃப்ரம் ஹோம் வந்தப்புறம் இன்னொரு முடிச்சு. முழு நேரமும் வீட்ல இருந்தே வேலைன்னு கம்பெனியோட ஒப்பந்தம் இருந்தா, நீங்க நியாயமா எந்தக் கிளையோட இணைஞ்சிருக்கீங்கன்னு பார்த்து, அந்த மாகாணத்துக் கணக்குல பிடிக்கணும்னு 2024 ஜனவரி 1-ல இருந்து நடைமுறை. அதனால கனடா போற சீனியர்ஸ் கிட்ட சொல்லி வைங்க: ஆஃபர் லெட்டர்ல சம்பளத்துக்குக் கீழ எந்த ஆபீஸ் முகவரி போட்டிருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் வீடு தேடச் சொல்லுங்க.