சொத்தை சின்னதா இருக்கும்போதே அடைச்சிடுங்க!

பல் டாக்டர் ஒருவரிடம் பதினோரு வருடம் உதவியாளராக வேலை பார்த்தவள் நான். அங்கே தினமும் கவனித்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். குழந்தைக்குப் பல் வலி என்றால் நம் பெண்கள் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வீட்டுக்காரருக்கு என்றால் இரண்டு நாளில் கூட்டி வருவார்கள். தனக்கு என்றால்? "பொண்ணு பரீட்சை முடியட்டும்", "தீபாவளி போகட்டும்" என்று கிராம்பைக் கடித்துக்கொண்டே வருஷத்தை ஓட்டிவிடுவார்கள். கன்னம் வீங்கினால்தான் டாக்டர் ஞாபகமே வரும். அதற்குள் அடைக்க வேண்டிய பல், பிடுங்க வேண்டிய பல்லாகியிருக்கும்!

சொத்தை என்பது புழு இல்லை. நாம் சாப்பிடும் இனிப்பை வாயில் உள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அது பல்லின் மேல் ஓடான எனாமலை அரித்துக் குழி போடுகிறது. எனாமலுக்கு வலி தெரியாது. குழி உள்ளே இறங்கி நரம்பை நெருங்கிய பிறகுதான் 'சுரீர்' என்கும். அதனால் "வலி வரட்டும், பார்த்துக்கலாம்" என்று இருக்கவே கூடாது. கண்டங்கத்திரி விதைப் புகையில் புழு விழும் என்பதும், மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போகும் என்பதும் வீண் நம்பிக்கைகள்.

முன்பெல்லாம் கடைவாய்ப் பல்லை 'வெள்ளி' வைத்து அடைப்பார்கள். அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. நன்றாக உழைக்கும். ஆனால் பல்லோடு தானாக ஒட்டாது என்பதால், பிடிமானத்துக்காக நல்ல பல்லையும் கொஞ்சம் குடைய வேண்டியிருக்கும். பாதரசம் சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல், டாக்டர் மிக அவசியம் என்று கருதினால் தவிர, அதை நிறுத்திவிட்டார்கள். இதைக் கேட்டு, வாயில் நல்லபடியாக இருக்கும் பழைய அடைப்பைப் பயந்துபோய் எடுக்கச் சொல்லாதீர்கள். அதற்கு அவசியமில்லை.

இப்போது பெரும்பாலும் 'காம்போசிட்' என்ற வெள்ளை அடைப்புதான். பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்தது. நம் பல்லின் நிறம் பார்த்து அதற்கேற்றதை எடுப்பார்கள். ஆழமான சொத்தை என்றால் மரத்துப்போக ஊசி போடுவார்கள். சொத்தையைச் சுரண்டி எடுத்து, பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து எச்சில் படாமல் காப்பார்கள். ஒரு அமில ஜெல்லைச் சில நொடி தடவிக் கழுவி, ஒட்டும் திரவம் பூசி, பிறகு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல விளக்கு காட்டி இறுக்குவார்கள். எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. ஆகவே டாக்டர் "வாயை மூடாதீங்க" என்றால், அது நம் நன்மைக்குத்தான்.

கடைசியில் கலர்த் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். கடிக்கும்போது மேடாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் அப்போதே சொல்லுங்கள், தேய்த்துச் சரி செய்வார்கள். மரப்பு விடும்வரை எதையும் மெல்ல வேண்டாம். குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். சில நாள் பல் கூசலாம். கூச்சம் குறையாமல் வலியானால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

வெள்ளை என்றால் ஆயுளுக்கும் நிற்கும் என்று நினைக்காதீர்கள். பெரிய குழியில், கடைவாயில், வெள்ளி அளவுக்கு உழைக்காமல் போகலாம். காபி, டீ, வெற்றிலைக் கறை பிடிக்கும். கொட்டைப் பாக்கைக் கடித்தால் உடையும். ஓரத்தில் இடைவெளி விழுந்தால் மறுபடி சொத்தை வரும். குழி சின்னதாக இருந்தால்தான் அடைப்பும் நன்றாக நிற்கும்.

எங்களிடம் ஒரு சத்துணவு ஆயா வந்தார். கீழ்க் கடைவாயில் மிளகளவு சொத்தை. "இன்னிக்கே அடைச்சிடலாம்மா" என்றார் டாக்டர். "பையனுக்கு ஃபீஸ் கட்டணும், அடுத்த மாசம் வரேங்க" என்று போனவர், ஒன்றரை வருஷம் கழித்து முகம் வீங்கி வந்தார். ரூட் கேனால் செய்து கேப் போட்டால் பல்லைக் காப்பாற்றலாம். ஆனால் அடைப்பதைப் போலப் பல மடங்கு செலவு. "பிடுங்கிடுங்க" என்றார். பஞ்சைக் கடித்துக்கொண்டே என்னிடம், "அன்னிக்கே செஞ்சிருந்தா என் பல்லு என்கிட்டயே இருந்திருக்கும், இல்லம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பணம்தான் தடை என்றால் அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள பல் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மாசமாக இருப்பவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட்டு வைத்தியம் செய்துகொள்ளலாம். "விழப்போற பால் பல்தானே" என்று குழந்தையின் சொத்தையையும் விடாதீர்கள்; கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை வேலை செய்ய வேண்டும்.

அடைத்துவிட்டோம் என்று அசட்டையும் வேண்டாம். இரவு படுக்கும் முன் ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டால் தேய்த்து, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடியுங்கள். அடுத்த தடவை பிள்ளையின் பல்லைக் காட்டப் போகும்போது, நீங்களும் அந்த நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டிவிட்டு வாங்களேன்!

- ஒரு வாசகி