பத்து டாலர் தாளில் ஒரு நகரம்

1971-இல் கனடா வெளியிட்ட பத்து டாலர் தாளின் பின்புறத்தில் நாம் காண்பது சார்னியா நகரின் செயற்கை ரப்பர் ஆலை. ஹூரான் ஏரியின் தென்முனையில், செயின்ட் கிளேர் ஆறு புறப்படும் இடத்தில் உள்ள எல்லை நகரம் இது. எதிர்க்கரை அமெரிக்காவின் போர்ட் ஹூரான். 1938-இல் திறக்கப்பட்ட புளூ வாட்டர் பாலம் இரண்டையும் இணைக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பான் வசமாயின. அந்தத் தட்டுப்பாட்டை ஈடுகட்டக் கனடா அரசு 1942-இல் தொடங்கிய நிறுவனமே இவ்வாலையை எழுப்பியது. பின்னர் வேதியியல் ஆலைகள் பெருகி, அப்பகுதி ‘வேதிப் பள்ளத்தாக்கு’ எனப் பெயர் பெற்றது.

அவ்வாலைகளை ஒட்டியே ஆம்ஜிவ்னாங் என்னும் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். காற்றில் பென்சீன் மிகுந்தமையால் 2024-இல் அவர்கள் அவசரநிலை அறிவித்தனர். தொழில்வளத்தின் வரவை எழுதும்போது, இந்தச் செலவையும் நாம் எழுதியாக வேண்டும்.