வெள்ளைத் தொப்பியும் இரண்டு பாய்லர்களும்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் ஃபிட்டராக இருந்தவன் நான். ஃபயர்பாக்ஸையும் வெளித் தகட்டையும் பிணைத்து நிற்கும் ஸ்டே போல்ட்டுகளைச் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். நல்லது கணீரென்னும், ஒடிந்தது பொத்தென்னும். காதை நம்பித்தான் எஞ்சினை வெளியே விடுவோம். டெக்சாஸில் நடந்த இந்தக் கூத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிற்றைக் கலக்கியது.

அது 1896. அங்கே 'கேட்டி' என்று ஊர்வாயில் வழங்கிய ரயில் கம்பெனியிடம் பழைய 35 டன் எஞ்சின்கள் இருந்தன. பயணிகள் பிரிவு அதிகாரி வில்லியம் ஜார்ஜ் க்ரஷ் ஒரு யோசனை சொன்னார்: இரண்டை நேருக்கு நேர் மோதவிடுவோம், ஜனம் திரளும். (க்ரஷ் என்றால் ஆங்கிலத்தில் நசுக்குவது. பெயர் ராசி!) வேடிக்கை இலவசம், ரயில் டிக்கெட்தான் வரும்படி. மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் 2 டாலர். வேக்கோவுக்கு வடக்கே வெட்டவெளியில் தனித் தண்டவாளம் போட்டார்கள், கிணறு தோண்டினார்கள், 'க்ரஷ்' என்றே பெயர்ப்பலகையும் நட்டார்கள். ஒரு எஞ்சினுக்குப் பச்சை, இன்னொன்றுக்குச் சிவப்பு. செப்டம்பர் 15 அன்று வந்த கூட்டம் சுமார் 40,000 பேர்.

பாய்லர் வெடிக்காது என்று கம்பெனிப் பொறியாளர்கள் உறுதி சொல்லியிருந்தார்கள். எப்படித்தான் சொன்னார்களோ! எஞ்சின் பாய்ந்து வர ஆவி வேண்டும். அந்த அழுத்தத்தில் பாய்லருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 180 டிகிரியில் இருக்கும். அழுத்தம்தான் அதைத் தண்ணீராகவே அமுக்கி வைத்திருக்கிறது. தகடு கிழிந்த கணமே அதில் ஒரு பங்கு குபீரென்று ஆவியாகும். ஆவியான தண்ணீர் 1,600 மடங்கு இடம் கேட்கும். கொடுக்க யாரிடம் இடம் இருக்கிறது?

வெள்ளைக் குதிரையில் வந்த க்ரஷ் தன் வெள்ளைத் தொப்பியை வீசிச் சைகை காட்டினார். ஆட்கள் எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் குதித்துவிட்டார்கள். மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இரண்டும் மோதின. கூட்டம் ஆரவாரித்து முடிப்பதற்குள் இரண்டு பாய்லர்களும் வெடித்தன. ஜனங்களை நிறுத்தியிருந்தது ஏறக்குறைய 180 மீட்டர் தள்ளி. பத்திரிகைக்காரர்களை அதிலும் பாதித் தூரத்தில். இரும்புத் துண்டுகள் அத்தனை தூரமும் பறந்து வந்து விழுந்தன. குறைந்தது 2 பேர் செத்தார்கள். படம் எடுக்க வந்தவர் ஒருவரின் கண்ணில் ஒரு போல்ட் ஏறியது. எந்த போல்ட் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கென்னவோ ஸ்டே போல்ட்டாகத்தான் இருக்கும் என்று படுகிறது. கட்டைவிரல் தடிமன்தான், கையில் எடுத்தால் கனக்கும்.

இத்தனைக்கும் பிறகும் ஜனம் ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுக்கச் சிதிலங்களை நோக்கிப் பாய்ந்து, கையைச் சுட்டுக்கொண்டது.

மோதலை நான் தப்பு சொல்லமாட்டேன், ஆளில்லாத எஞ்சின்தானே. 180 மீட்டர்தான் தப்பு. அதைப் பாய்லர் தட்டும் ஒரு ஃபிட்டரிடம் கேட்டிருக்கலாம்.

க்ரஷை அன்று மாலையே வேலையிலிருந்து நீக்கினார்கள். கம்பெனியின் பெயர் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்துவிட்டது. மறுநாளே அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.