கட்டத்தில் நடக்கும் ஆமை

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. அங்கே தகடுகளை ரோபோ கைகள் வெல்டிங் செய்கின்றன. அந்தக் கைக்குச் சொந்தப் புத்தி கிடையாது, குட்டீஸ்! எழுதிக் கொடுத்த கட்டளையை, எழுதிய வரிசையிலேயே செய்யும்.

கட்டளை எழுதிப் பழக கம்ப்யூட்டர் வேண்டாம், சாக்பீஸ் போதும். தரையில் நான்குக்கு நான்கு கட்டம் போடுங்கள். கீழே இடது மூலையில் தம்பியை மேல்பக்கம் பார்த்து நிறுத்துங்கள். அவன்தான் ஆமை! (அமெரிக்காவில் 1967-ல் சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் குழந்தைகளுக்காக உருவாக்கிய 'லோகோ' கம்ப்யூட்டர் மொழியிலும் ஆமைதான் கதாநாயகன்.) எதிர் மூலையில் கடலைமிட்டாய். சீட்டில் எழுத மூன்றே கட்டளைகள்: ஒரு கட்டம் முன்னே போ, நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு.

'முன்னே, வலம், முன்னே, இடம். இதை 3 முறை செய்' என்று எழுதினால், படியேறுவது போலப் போய் மிட்டாயை எடுப்பான். 'இடம்' விட்டுப்போனால்? கோட்டைத் தாண்டி வெளியே போய்விடுவான்! தம்பியைத் திட்டாதீர்கள், சீட்டைப் பாருங்கள். எந்த வரியில் தப்பு என்று தேடுவதுதான் இதில் ருசியே.

சரி, ஆமை மிதிக்கும் கட்டம் ஒன்றில் செங்கல்லை வையுங்கள். இப்போது சீட்டில் என்ன எழுதுவீர்கள்?