குழாய் அடைபட்டால் தொட்டி நிரம்பும்

என் மாமனார் பல ஆண்டுகளாகக் கொலஸ்டிராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை உட்கொள்பவர். படர்தாமரைக்காக வேறொரு மருத்துவரிடம் சென்றார். பழைய மாத்திரையைப் பற்றி இவர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இட்ரகோனசோல் கொடுக்கப்பட்டது. பத்தாம் நாள் மாடிப்படி ஏற முடியாமல் தொடைகள் வலித்தன. வயதுக் கோளாறு என்று தைலம் தேய்த்துக்கொண்டார்.

இயற்பியல் ஆசிரியனான எனக்கு இது தொட்டிக் கணக்காகவே தோன்றுகிறது. தொட்டியில் நீர் விழுந்துகொண்டிருக்கிறது. அடிக்குழாய் வழியே வெளியேறியும் வருகிறது. விழும் அளவை மாற்றாமல் அடிக்குழாயை மட்டும் அடைத்துப் பாருங்கள். மட்டம் உயரும் அல்லவா?

ஸ்டாட்டின் வகையின் முதற்பொருளை 1973-இல் ஜப்பானியரான அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்தில் கண்டறிந்தார். கல்லீரல் கொலஸ்டிராலை உண்டாக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை இவை தடுக்கின்றன. சிம்வாஸ்டாட்டினைச் சிதைப்பதோ சிஒய்பி 3ஏ4 என்னும் வேறொரு நொதி. கல்லீரலிலும் குடற்சுவரிலும் இருக்கும் இதுவே நம் அடிக்குழாய். இட்ரகோனசோல் இதனை அடைத்துவிடுகிறது. அப்போது குருதியில் சிம்வாஸ்டாட்டின் பத்து மடங்குக்கும் மேல் உயரக்கூடும். விழுங்கியதென்னவோ வழக்கமான அதே ஒரு மாத்திரைதான்! கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் இவ்வாறே செய்யும். பம்பளிமாசின் உறவான கிரேப்புரூட் பழச்சாறுகூடக் குடற்சுவரில் உள்ள நொதியை முடக்குகிறது என்றால் நம்புவீர்களா?

மட்டம் உயர்ந்தால் முதலில் துன்புறுவது தசை. வலியோடு நின்றுவிட்டால் நல்லது. அரிதாகத் தசையிழைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் குருதியில் கலந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிறுநீர் தேயிலைச் சாற்றின் நிறம் கொள்ளும். செரிவாஸ்டாட்டின் என்ற மருந்தை 2001 ஆகஸ்டில் பேயர் நிறுவனம் திரும்பப் பெற்றது இதனால்தான். 52 இறப்புகள் அதனோடு தொடர்புடையவையாக அப்போது அறிவிக்கப்பட்டிருந்தன. இறந்தவர்களில் பலர் ஜெம்ஃபைப்ரோசில் என்ற மருந்தையும் உட்கொண்டவர்கள். அதுவும் கொழுப்பைக் குறைக்கும் மருந்தே! அங்கு அடைபட்டது வேறு குழாய், கணக்கு ஒன்றுதான்.

எல்லா ஸ்டாட்டின்களும் 3ஏ4-ஐ நம்பியிருப்பதில்லை. பிரவாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவை பெரும்பாலும் வேறு வழியில் வெளியேறுகின்றன. எனவே மருத்துவர் மருந்தை மாற்றித் தரலாம். அல்லது குறுகிய காலச் சிகிச்சை முடியும்வரை ஸ்டாட்டினை நிறுத்திவைக்கச் சொல்லலாம். குருதிக்குழாயில் கொழுப்புப் படிவது ஆண்டுக்கணக்கில் நடப்பது. சில நாள் இடைவெளியால் பொதுவாகப் பெரிய இழப்பில்லை. நாமாக நிறுத்துவது வேறு கதை. மாமனாருக்கும் மருத்துவர் அப்படித்தான் நிறுத்திவைத்தார். இரண்டு வாரத்தில் தைலப் புட்டி அலமாரிக்குத் திரும்பியது.